குடித்திருந்த தளபதிக்கு என்ன தண்டனை?

கேள்வி: 1921இல் கள்ளுக்கடை மறியல் நடந்த ஈரோட்டிலிருந்து கேட்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குடித்துவிட்டுப் பணியாற்றிய அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்களா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: சட்டம் கடுமையானதுதான். பணியின்போது போதையில் காணப்படும் அதிகாரியைப் பதவியிலிருந்து இழிவுடன் நீக்க வேண்டும் என்றது, 1806ஆம் ஆண்டுப் போர் விதிகளின் 45ஆவது விதி. ஆனால், பதவி உயர உயர அதன் பிடி தளர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1864 ஜூலை 30 அன்று பீட்டர்ஸ்பர்க்கில், எதிரியின் அரணுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்த பள்ளத்துக்குள் தம் வீரர்கள் சிக்கி மடிந்துகொண்டிருக்க, வடக்குப் படையின் ஜெனரல் ஜேம்ஸ் லெட்லி பின்னால் ஒரு பதுங்கறையில் ரம் அருந்திக்கொண்டிருந்தார். விசாரணை மன்றம் அவரைக் குறை கூறியது. அவரோ 1865 ஜனவரியில் பதவி விலகி வீடு திரும்பினார். சாதாரணச் சிப்பாய் குடித்திருந்தால், முகாமில் எல்லோரும் பார்க்கப் பீப்பாயின்மேல் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருந்தது.