மின்சார எஸ்யூவி ஓட்டிப் பார்க்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் கேளுங்கள். எந்தக் கம்பெனி உசத்தி என்று கேட்டால் பதில் வராது.

புதுச்சாவி: சார், அரை மணி நேரம்தான் வண்டி தருவாங்களாம். முதல்ல எதைப் பார்க்கணும்?

ஏறியதும் ஆக்சிலரேட்டரை அழுத்தி "அடேங்கப்பா" சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள். அந்த இழுவை எல்லா மின்சார வண்டியிலும் உண்டு.

நேரம் குறிக்கும்போதே பேட்டரி 60 முதல் 80 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். முழு சார்ஜில் நிற்கும் வண்டியை ஓட்டிப் பார்க்காதீர்கள். காலை எடுத்ததும் மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரம் தயாரிப்பதுதான் ரீஜென். பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்தை எங்கே வைப்பது? ரீஜென் குறைந்துவிடும், பெடலின் குணமே மாறித் தெரியும்.

கிளம்பும் முன் டயர் காற்றைப் பாருங்கள். சரியான அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். காற்று குறைவாக இருந்தால் முரட்டு வண்டியும் மெத்தை மாதிரி போகும். கூடியிருந்தால் நல்ல சஸ்பென்ஷனுக்கும் கெட்ட பெயர். நீங்கள் வாங்கப்போவது 18 அங்குலச் சக்கரம், டெமோ வண்டியில் 20 அங்குலம் என்றால் சொகுசு, சத்தம், ரேஞ்ச் (ஒரு சார்ஜில் போகும் தூரம்) மூன்றுமே வேறு.

பிறகு மோசமான சாலையில் 30 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடம், ஹைவேயில் வழக்கமான வேகத்தில் பத்து நிமிடம். திரும்பும்போது ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் உட்காருங்கள். தரைக்கடியில் பேட்டரி இருப்பதால் சில வண்டிகளில் தளம் உயர்ந்து, முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடை சீட்டில் படியாது. பத்து நிமிடத்தில் தெரியாது, மூன்று மணி நேரப் பயணத்தில் இடுப்பு சொல்லும்.

கணக்குப்பிள்ளை: டெமோ வண்டி மீட்டர்ல இன்னும் 410 கி.மீ. ஓடும்னு காட்டுது. நம்பலாமா?

வேண்டாம். அந்த எண் பெரும்பாலும் முன்பு ஓட்டியவரின் காலைப் பொறுத்தது. நீங்களே கணக்குப் போடுங்கள். ஏசி போட்டு உள்ளே குளிர்ந்த பிறகு டிரிப் மீட்டரை ரீசெட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் ஏசி நிறைய இழுக்கும். போன சாலையிலேயே திரும்பி வாருங்கள், காற்றும் மேடும் ஓரளவு கழிந்துவிடும். 100 கி.மீ.க்கு 21 யூனிட் (கிலோவாட்-மணி) வந்தது என்று வைப்போம். பயன்படுத்தக்கூடிய பேட்டரி 60 யூனிட். நெடும்பயணத்தில் 80 சதவீதத்திலிருந்து 10 வரைதான் ஓட்டுவோம், அது 42 யூனிட். ஆக, சார்ஜர் விட்டு சார்ஜர் 200 கி.மீ. வேகம் 90லிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய 78 சதவீதம் கூடும். நீங்கள் போகும் வேகத்திலேயே அளக்கச் சொல்வது இதனால்தான்.

நெடுஞ்சாலை: மொத்தத்துல எவ்வளவு கிலோமீட்டர் போகும்?

மேலே உள்ள பதில்.

ஒத்தக்கால்: ஒற்றைப் பெடல்ல ஓட்டினா ரேஞ்ச் கூடும்தானே? அது இல்லாத வண்டியை ஒதுக்கிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒற்றைப் பெடல், அதாவது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே ரீஜென் வண்டியை நிறுத்திவிடுவது, ஒரு வசதிதான்; சிக்கனம் அல்ல. பல வண்டிகளில் பிரேக்கை மெதுவாக மிதித்தாலும் முதலில் வேலை செய்வது மோட்டார்தான். அழுத்திப் பிடித்தால்தான் பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடும்.

ஒத்தக்கால்: பிரேக் மிதிச்சா எல்லாம் சூடாத்தான் வீணாகும். அடிப்படை இயற்பியல்.

பிரேக் பெடல் உராய்வை மட்டுமே இயக்கும் வண்டிகளும் உண்டு, அங்கே உங்கள் பேச்சு சரி. எது எந்த ரகம் என்பதை ஓட்டியே பார்க்கலாம். ரீஜெனை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். பின்னால் வண்டி இல்லாத இடத்தில், 60 கி.மீ. வேகத்தில் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். திரையில் சார்ஜ் பக்கப் பட்டை நீண்டால் மோட்டார் பிடிக்கிறது. அசையாமல் இருந்தால் டிஸ்க்.

சறுக்குமரம்: அப்போ ரீஜெனே வைக்காம உருட்டிட்டுப் போறதுதான் சிக்கனமா?

முன்னால் சாலை காலியாக இருந்தால் ஆமாம். 2,000 கிலோ வண்டி 72 கி.மீ. வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 0.11 யூனிட், அரை கிலோமீட்டர் ஓட்டும் அளவு. அதைப் பேட்டரிக்கு அனுப்பி மறுபடி எடுத்தால் இரண்டு வழியிலும் கழிவு. உருளவிட்டால் அந்தக் கழிவு இல்லை. நிறுத்தியே ஆகவேண்டிய இடத்தில் ரீஜென்.

ஒத்தக்கால்: இருந்தாலும் ஒற்றைப் பெடல்தான்.

ஓட்டுங்கள், பிடித்திருந்தால் அதுவே போதிய காரணம். ஆனால் 10 கி.மீ. வேகத்துக்குக் கீழே வந்து நிற்கும்போது வண்டி குலுங்குகிறதா என்று பத்துமுறை நிறுத்திப் பாருங்கள். மோட்டாரிடமிருந்து டிஸ்க்குக்குக் கைமாறும் இடம் அது. பின் சீட்டில் இருப்பவருக்குக் குமட்டினால் அமைப்பு சரியில்லை என்று அர்த்தம்.

மின்னல்: 150 கிலோவாட் வேக சார்ஜிங்னு போட்டிருக்கு. போதுமா?

அது உச்சம், சில நிமிடமே நிற்கலாம். 10லிருந்து 80 சதவீதத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். 60 யூனிட் பேட்டரியில் அது 42 யூனிட். அரை மணி என்றால் சராசரி 84 கிலோவாட்தான். சார்ஜிங் மூடி எந்த மூலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். வழக்கமாகப் போகும் சார்ஜரில் கேபிள் எட்டாவிட்டால் தினமும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

வீட்டுக்காரர்: வீட்டு வயரிங் படம் அனுப்பியிருக்கேன். வீட்டுலயே சார்ஜ் போட்டா தாங்குமா?

எலக்ட்ரீஷியனை வைத்து லோடு பார்க்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்துச் சொல்லும் விஷயமல்ல.

தொலைதூரம்: ஃபுல் சார்ஜ்ல எவ்வளவு போகும்?

இரண்டாவது பதிலைப் படியுங்கள். மீட்டர் எண்ணை நம்பாதீர்கள்.

பஞ்சர்: ஸ்டெப்னி இல்லைங்கறாங்க.

பல மாடல்களில் இல்லை. டிக்கித் தளத்தைத் தூக்கிப் பாருங்கள். பசை பாட்டிலும் பம்ப்பும் மட்டும் இருந்தால், ஆணி குத்தியதற்கு உதவும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது.

புதுச்சாவி: முழு சார்ஜோட வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திட்டாங்க சார். என்ன செய்ய?

சொன்னேனே! சஸ்பென்ஷன், சீட், ரிவர்ஸ் கேமரா எல்லாம் இன்றே பாருங்கள். பெடலைப் பற்றி எந்த முடிவும் எடுக்காமல் இன்னொரு நாள் கேளுங்கள். முடிந்தால் இரவில்; திரையின் வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா என்பது பகலில் தெரியாது.