தைக்கத் தெரிந்த கை

கேள்வி: வணக்கம் அக்கா. குடியாத்தம் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பிரிந்துபோன புத்தகங்களை நானே தைத்து ஒட்டி அடுக்கில் வைத்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் எங்கள் ஊர் லுங்கித் துணியை அட்டைக்குப் போட்டு நோட்டு செய்ய ஆரம்பித்தேன். கேட்பவர்களுக்கெல்லாம் சும்மாதான் கொடுக்கிறேன். "விற்கலாமே" என்கிறார்கள். நம் சம்பளம் உங்களுக்குத் தெரியாததா? விற்கலாமா, என்ன விலை சொல்வது?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வேலூர் பக்கத்து நூலகங்களில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது சத்துவாச்சாரியில் வீட்டு வராந்தாவிலேயே பைண்டிங் செய்கிறவள் நான்.

முதலில் சங்கடமான விஷயத்தை முடித்துவிடுவோம். 1973ஆம் வருஷத்து தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதி வாங்காமல் தனியாகத் தொழில், வியாபாரம் செய்யக்கூடாது. உன் வேலை அந்த விதிக்குள் வருகிறதா என்பதை உன் நியமன ஆணை சொல்லும், எடுத்துப் படி. வருகிறது என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கேள். என்ன செய்கிறாய், எந்த நேரத்தில் செய்கிறாய் என்று இருந்தால் போதும். பதில் கையில் வந்த பிறகு காசு வாங்கு. "வீட்டுக்காரர் பேரில் போட்டுவிடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். விசாரணை என்று வந்தால் அவர்கள் கூட வரமாட்டார்கள்.

அப்புறம், நூலகத்துப் பசை, நூல்கண்டு எதுவும் வீட்டுக்குப் போகக்கூடாது. 1948 நூலகச் சட்டத்தின்படி ஊர்க்காரர்கள் வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டுகிற நூலக வரி இருக்கிறதே, அந்தக் காசு அது. சின்ன ஊரில் எது யார் வீட்டுப் பசை என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

சரி, நோட்டுக்கு வருவோம். கடையில் வாங்கும் ஏ4 தாளில்தான் நீயும் செய்கிறாய் என்று நினைக்கிறேன். அதில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். பாதியாக மடிக்கும்போது நாரைக் குறுக்கே உடைத்து மடிக்கிறாய். அதனால்தான் அந்த நோட்டு விரித்தால் படுக்காது, முறைத்துக்கொண்டே நிற்கும். ஒரு துண்டுத் தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தண்ணீர் தடவிப் பார், குழாய் மாதிரி சுருளும். குழாய் எந்தப் பக்கமாக நீள்கிறதோ அதுதான் நார் போகும் வழி. உன் மடிப்பு அதோடு சேர்ந்து போகவேண்டும். அச்சகத்தில் பெரிய தாளாக வாங்கி, நார் பார்த்து வெட்டித் தரச் சொல். லுங்கித் துணியில் நேராகப் பசை தடவாதே, நூலிடுக்கில் வெளியே கசிந்து திட்டு விழும். துணியின் பின்பக்கம் மெல்லிய தாளை ஒட்டிக் காயவைத்துவிட்டு அப்புறம் அட்டையில் போர்த்து. கட்டம் ஒரு நூல் கோணினாலும் பார்க்கிறவர் கண் அங்கேதான் போய் நிற்கும்.

விலைக் கணக்கு இப்படிப் போடு. 5 தாளாக மடித்து 8 கட்டு, ஆக 40 தாள், 160 பக்கம். 500 தாள் கொண்ட ரீம் 280 ரூபாய் என்றால் இந்த 40 தாளுக்கும் சேர்த்து 22 ரூபாய் 40 காசு. அட்டை, துணி, நூல், பசை எல்லாம் சேர்த்து 40 என்று வை. இரண்டு மணி நேரம் பிடிக்கும். உன் ஒரு மணி நேரத்துக்கு 75 ரூபாயாவது போடு. 212 வந்துவிட்டது. கெட்டுப்போகிறதற்கும் சேர்த்து 240 சொல். "இவ்வளவா?" என்பார்கள். என்னவோ தப்பு செய்துவிட்ட மாதிரி உடனே குறைக்காதே. ஆனால் உண்மையைச் சொன்னால் நோட்டில் பெரிதாகக் காசு பார்க்க முடியாது. மிஷின் நோட்டு தெருவுக்குத் தெரு தொங்குகிறது.

காசு இருப்பது பழுது பார்ப்பதில். நம் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரு பிய்ந்த புத்தகம் இருக்கும். வேலூரில் பைபிள், மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கம் குர்ஆன், இன்னொரு வீட்டில் பாட்டி பாராயணம் செய்த கவசப் புத்தகம். புதிது வாங்குவது மலிவு என்று சொல்லிப் பார், வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு அந்தப் புத்தகமேதான் வேண்டும். நூலகத்தில் பத்துக் கை பட்ட புத்தகத்தைத் தைத்த உனக்கு இது கைவந்த வேலை.

இதில் நான் செய்த கூத்தையும் கேள். முதன்முதலில் ஒரு டீச்சரம்மா பைபிள் கொண்டுவந்தார். முதுகு போய், முன்தாள் பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது. சுத்தமாகச் செய்கிறேன் பேர்வழி என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஒட்டினேன். வந்து விரித்தவர் ஒன்றும் பேசவில்லை, அந்த வெள்ளைப் பக்கத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பிறந்தவர்களின் பெயரையும் நாளையும் அவருடைய தாத்தா எழுதிவைத்த தாள் அது. பசைச் சட்டிக்கு அடியில் விரித்திருந்தேன். நான்கு பெயர் தப்பின. இரண்டு பசையில் கரைந்துவிட்டன. கூலி வாங்கவில்லை, கேட்கவும் வாய் வரவில்லை. இப்போது எந்தப் புத்தகம் வந்தாலும் கொண்டுவந்தவர் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். உள்ளே இருக்கிற காய்ந்த பூ, ரசீது, மயிலிறகு எல்லாவற்றையும் கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். எழுதிய தாள் என்றால் எவ்வளவு உதிர்ந்தாலும் எடுக்கமாட்டேன், பின்னால் மெல்லிய தாள் ஒட்டித் தாங்கவைப்பேன்.

பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவது பழைய பைண்டர்கள் வழக்கம், புத்தகத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சி அண்டாது என்பார்கள். அது விஷம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மைதாவைக் கொஞ்சமாகக் காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடு. செல்லோடேப் ஒட்டி வருகிற புத்தகத்துக்கு மட்டும் நான் இரட்டைக் கூலி கேட்கிறேன். அதை உரித்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

கேள்வி: பள்ளி நூலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சாயங்காலங்களில் புக்மார்க் வரைகிறேன். நடிகர் முகம் போட்டுத் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா அம்மா?
(வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: வேண்டாம் தம்பி. அந்த முகம் எல்லாக் கடையிலும் அச்சடித்துக் கிடைக்கிறது, உங்கள் கைக்கு அதில் வேலை இல்லை. வேலூர்க் கோட்டை ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். ஒவ்வொரு தூணிலும் யாளியும் குதிரை வீரனுமாக ஒரு வருஷத்துக்கு வரைய இருக்கிறது. அப்புறம் கரிகிரிப் பானை. அப்புறம் நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய். நீட்டுவாக்கில் காம்பையும் முள்ளையும் விடாமல் வரைந்தால் எனக்கு இரண்டு அனுப்புங்கள், காசு கொடுத்துவிடுகிறேன்.