விண்டோஸ், உபுண்டு இரண்டும் உள்ள கணினியில் இன்னொரு ஹார்டு டிஸ்க்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எஸ்எஸ்டியில் விண்டோஸும் உபுண்டுவும் இருக்கின்றன. புதிதாக 4 டிபி டிஸ்க் மாட்டினால் எதைத் திறக்க வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு போய்விடுமா?

பதில்: போகாது. கிரப் இருப்பது பழைய எஸ்எஸ்டியில்தான். மாட்டியபின் மெனு வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், பயாஸில் பூட் வரிசை மாறியிருக்கும். உபுண்டுவை மேலே ஏற்றிவிடுங்கள். டிஸ்க்கே தெரியவில்லையா? பவர் கேபிள், சாட்டா கேபிள் இரண்டையும் கழற்றி இன்னொரு முறை அழுத்திச் சொருகுங்கள்.

கேள்வி: டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரிக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா?

பதில்: ஜிபிடி. எம்பிஆரில் 2 டிபிக்கு மேல் போக முடியாது, உங்கள் டிஸ்க்கில் பாதி வீணாகும்.

கேள்வி: டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது ஃபைல் சிஸ்டமாக என்டிஎஃப்எஸ் போடலாமா, இஎக்ஸ்டி4 போடலாமா?

பதில்: விண்டோஸிலிருந்தும் திறக்க வேண்டிய படம், பாட்டு என்றால் என்டிஎஃப்எஸ். ஆனால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாகத் தூங்காது, பாதி உறக்கத்தில் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது லினக்ஸில், அதாவது உபுண்டுவில், படிக்கலாம், எழுத முடியாது. லினக்ஸுக்கு மட்டும் என்றால் இஎக்ஸ்டி4. அப்புறம், இஎக்ஸ்டி4ஐப் படிக்கத் தெரியாமல் அந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் அக்கறையாகக் கேட்டால் கேன்சல்தான் அமுக்க வேண்டும்!

கேள்வி: சார், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புது டிஸ்க்கின் பார்ட்டிஷனை எஸ்டிபி1 என்று எழுதினேன். ஒரு வாரம் ஓடியது. நேற்று பென்டிரைவோடு ஆன் செய்தேன், எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

பதில்: நானும் இதில் ஒரு ராத்திரி தூக்கம் தொலைத்தவன். எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை நிரந்தரப் பெயர்கள் இல்லை. லினக்ஸின் மையமான கெர்னல் எந்த டிஸ்க்கை முதலில் பார்க்கிறதோ அதற்கு முதல் எழுத்து, அவ்வளவுதான். நேற்று பென்டிரைவ் முந்திக்கொண்டு எஸ்டிபி ஆகியிருக்கும். சிஸ்டம் எதிர்பார்த்த பார்ட்டிஷன் அங்கே இல்லை, நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எமர்ஜென்சி மோடிலேயே எஃப்எஸ்டேப்பைத் திறந்து அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹேஷ் குறி போட்டு ரீபூட் செய்யுங்கள். உள்ளே வந்ததும் பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யுயுஐடியை எடுத்து, எஸ்டிபி1 இருந்த இடத்தில் போடுங்கள். அது பார்ட்டிஷனோடு ஒட்டிய எண். மறுபடி ஃபார்மட் செய்யாதவரை மாறாது. ஆப்ஷன்களில் நோஃபெயில் என்பதையும் சேருங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகும். சேமித்த கையோடு நிர்வாகி அனுமதிக்கான சூடோ போட்டு, எஃப்எஸ்டேப்பில் உள்ளதை இணைக்கும் (மவுண்ட் செய்யும்) மவுண்ட் ஹைஃபன் ஏ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அப்போதே திட்டும்; ரீபூட் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: இஎக்ஸ்டி4 மவுண்ட் ஆகிறது, ஆனால் ஃபோல்டர் போட விடமாட்டேன் என்கிறது.

பதில்: புது பார்ட்டிஷனுக்குச் சொந்தக்காரர் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு. மவுண்ட் செய்த பிறகு சூடோவோடு சிஹெச்ஓன் கட்டளை கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மவுண்ட் ஆகாதபோது கொடுத்தால் மாறுவது வெறும் ஃபோல்டர்தான்.

கேள்வி: 4 டிபி வாங்கினேன், விண்டோஸில் 3.63தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஆனால் இஎக்ஸ்டி4 தன் பங்குக்கு 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும், உங்கள் டிஸ்க்கில் சுமார் 200 ஜிபி. வெறும் டேட்டா டிஸ்க்குக்கு அது தேவையில்லை; டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எம் ஆப்ஷனுக்குப் பூஜ்யம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.