கொத்து வாங்கும் கருப்பி (கடிதம்)

அன்புள்ள அக்கா,

தாராபுரம் பக்கம் எங்க ஊரு. வீட்டுக்குப் பின்னாடி எட்டு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் வச்சிருக்கேன். இதுல கருப்பிதான் மூத்தவ, ஆறு வயசு இருக்கும், எத்தனையோ தடவ அடை படுத்து குஞ்சு பொரிச்சவ. இப்ப பத்து நாளா ரெக்கையைத் தொங்கப் போட்டுட்டு மூலையில நிக்கிறா. தீனி போட்டா வர்றா, ரெண்டு கொத்து கொத்திட்டு விட்டுடறா. மத்ததெல்லாம் தொரத்தித் தொரத்தி தலையிலயே கொத்துது, கொண்டைக்குப் பின்னாடி ரத்தம். போன மாசம் சந்தையில வாங்கின நாலு வெடக்கோழிங்கதான் ரொம்ப மோசம். ரூமுக்குள்ள அட்டைப்பெட்டியில தனியா வச்சா கத்திக்கிட்டே இருக்கா, தின்னவே மாட்டேங்கறா. அம்மா டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரிச்சு சோத்துல கலந்து போடுங்கறாங்க. அப்பா குழம்பு வச்சிரலாம்ங்கறாரு. என்ன பண்றதுன்னே தெரியலக்கா.

வி.

அன்புள்ள தம்பி,

வெடைங்க வந்துதான் கருப்பி சீக்காயிட்டான்னு நீங்க முடிவு பண்ணிட்ட மாதிரி தெரியுது. எனக்கு அப்படித் தோணல. அவ சீக்கானதாலதான் கொத்து விழுது. கோழி நரிக்கும் கீரிக்கும் பயந்து பொழைச்ச ஜாதி, உடம்புக்கு முடியலன்னா வெளிய காட்டிக்காது, ரெக்கை தொங்கறது நம்ம கண்ணுக்குத் தெரியறப்ப வியாதி பாதி தூரம் போயிருக்கும், ஆனா கூட மேயற கோழிங்களுக்கு அது முன்னாடியே தெரிஞ்சுடும். தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பேன்னு நார்வேக்காரர் ஒருத்தர் 1922லயே இதை ஆராய்ச்சி பண்ணி எழுதினாரு, ஒரு கூட்டத்துல யாரு யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்கு, மேல இருக்கறது கொத்தும், கீழ இருக்கறது வாங்கிட்டு ஒதுங்கிப் போகும். வரிசை தெளிவா இருந்தா சண்டை கம்மி. ஆறு வயசுக்காரி உங்க வாசல்ல மேல இருந்திருப்பா, அவ தளர்ந்த நேரம் பார்த்து நாலு புது வெடை உள்ள வந்துடுச்சு, அவ்வளவுதான். வெடைங்க மேல கோவப்பட்டு பிரயோஜனமில்ல.

அதனால முதல்ல என்ன வியாதின்னு பாருங்க. ராத்திரி அடைஞ்சதுக்கப்புறம் டார்ச் அடிச்சுத் தூக்கினா திமிராது. நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்க, ரெண்டு பக்கமும் சதையே இல்லாம கத்தி மாதிரி கையில தட்டுப்பட்டா பத்து நாள் சீக்கு இல்ல அது, ரொம்ப நாளா மெலிஞ்சிருக்கா. ரெக்கைக்கு அடியிலயும் பின்பக்கத்து மயிரை விலக்கியும் பேன், செள்ளு இருக்கான்னு பாருங்க, வயசான கோழி சாம்பல்ல புரள்றதைக் குறைச்சிடும், அப்ப பேன் ஏறிக்கும். மறுநாள் விடிஞ்சதும் தீனி போடறதுக்கு முன்னாடி கழுத்துக்குக் கீழ இரைப்பையைத் தொட்டுப் பாருங்க, ராத்திரியில காலியாயிருக்கணும், காலையிலயும் கல்லு மாதிரியோ கொழகொழன்னு புளிச்ச நாத்தத்தோடயோ இருந்தா கோளாறு அங்கதான், தீனிக்கு ஓடி வந்துட்டு ரெண்டு கொத்தோட நிறுத்தறதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். கடைசியா அடிவயிறு. அது உப்பி, தண்ணி நிறைஞ்ச மாதிரி தளும்பி, காலை அகட்டி நிமிர்ந்து நடந்தா முட்டைப்பாதையில பிரச்சனைன்னு அர்த்தம், வயசான பெட்டைங்களுக்கு இது சகஜம், முட்டை வெளிய வராம உள்ளயே சிக்கி சீழ் பிடிச்சுடும். தொட்டா சூடா இருக்குன்னு மட்டும் காய்ச்சல்னு சொல்லிடாதீங்க, கோழிக்கு சாதாரணமாவே 41 டிகிரி செல்சியஸ் இருக்கும்.

இது வெள்ளைக்கழிச்சல் நோயான்னு நீங்க கேக்கல, ஆனா சந்தைக்கோழின்னதும் எனக்கு அந்த பயம்தான் வந்துச்சு. அதுவா இருந்தா இந்நேரம் பச்சையும் வெள்ளையுமா கழிஞ்சு, கழுத்து திருகி, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா விழுந்திருக்கும். பத்து நாளா ஒருத்தி மட்டும்னா அனேகமா அது இல்ல. இனிமே சந்தையில வாங்கினா மூணு நாலு வாரம் தள்ளி வச்சுட்டு அப்புறம் சேருங்க. கால்நடை மருந்தகத்துல கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவாங்க, எல்லாத்துக்கும் போட்டுடுங்க.

இப்ப அந்த அட்டைப்பெட்டி. அதை விட்டுடுங்க. கூட்டத்துல பொறந்து வளர்ந்தது, நாலு சுவத்துக்குள்ள தனியா கிடந்தா தீனி இறங்காது, அதோட ரெண்டு வாரம் கண்ணுல படாம இருந்துட்டு திரும்பிப் போனா அவளையே புதுக்கோழியா நெனச்சு மறுபடியும் முதல்லருந்து கொத்துவாங்க. பஞ்சாரக் கூடை இருக்குல்ல உங்க வீட்டுல, குஞ்சுக்கோழியைக் கவுத்து வைக்கறதுக்கு மட்டும்தானா அது? வாசல்ல மத்ததெல்லாம் மேயற இடத்துலயே வேப்பமர நெழல்ல கருப்பியை அதுக்குள்ள விட்டு, மேல ஒரு கல்லை வச்சிடுங்க. எல்லாரும் அவளைப் பார்க்கலாம், கொத்த முடியாது. பஞ்சாரத்தைச் சுத்தி கொஞ்சம் தீனி தூவி விடுங்க, மத்தது வெளிய கொத்துற சத்தம் கேட்டா உள்ள இருக்கறதும் கொத்தும், போட்டிக்குத் தின்ற ஜாதிதானே. ராத்திரிக்கு மட்டும் உள்ள தூக்கிட்டு வந்து கதகதப்பா வைங்க.

அவிச்ச முட்டையை நசுக்கிக் குடுங்க, ஊற வச்ச கம்பு குடுங்க, கறையான் கிடைச்சா அதைவிட ஒண்ணும் வேண்டாம். இரைப்பை கல்லா இருந்தா மட்டும் தீனியை நிறுத்திட்டு, தண்ணி மட்டும் குடுத்து டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. தண்ணி குடிக்கலன்னா அலகு ஓரத்துல சொட்டு சொட்டா விடுங்க, வாயைத் தொறந்து ஊத்திடாதீங்க, நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் இருக்கு, நேரா அதுல போயிடும். காயத்துக்கு மஞ்சளை வேப்பெண்ணெயில குழைச்சுத் தடவுங்க, ரத்தச் செவப்பைப் பார்த்தா கொத்தினதே மறுபடி கொத்தும், ஈ வேற முட்டை வச்சிடும், தினமும் பாருங்க. முதுகுல மயிர் போயிருந்தா அது அனேகமா வெடைங்க வேலை இல்ல, சேவல் மிதிச்சு மிதிச்சு போனதா இருக்கும்.

அம்மா சொன்ன மாத்திரை வேண்டாம், அது பாக்டீரியா கிருமிக்கான மருந்து. கிராமத்துல எல்லாரும் பண்றதுதான், ஆனா பேனுக்கோ அடைச்ச இரைப்பைக்கோ வைரஸுக்கோ அது ஒண்ணும் பண்ணாது, அரை மாத்திரை கால் மாத்திரைன்னு அளவில்லாம போட்டா அடுத்து நெஜமாவே தேவைப்படறப்ப கேக்காது. அதை டாக்டர் எழுதிக் குடுத்தா குடுங்க, அப்ப எத்தனை நாளைக்கு முட்டை திங்கக்கூடாதுன்னும் கேட்டுக்கோங்க.

அப்பா சொன்னதைக் கேட்டு நீங்க வருத்தப்பட்டது எழுத்துலயே தெரியுது. அவரு கல்நெஞ்சக்காரர் இல்ல தம்பி, அந்தக் காலத்துல கோழி வளர்த்தவங்க எல்லாம் அப்படித்தான், தீனிக்குக் கணக்கு இருந்துச்சு. ஆனா பத்து நாள் சீக்காக் கிடந்த கோழி குழம்புக்கு ஆகாது, அதை அவருகிட்ட தைரியமாவே சொல்லலாம். அடிவயித்துல தண்ணி தளும்பி, வாயைத் தொறந்து மூச்சு வாங்க ஆரம்பிச்சுட்டான்னா மட்டும் பஞ்சாரமும் அவிச்ச முட்டையும் காப்பாத்தாது. அப்ப டாக்டரைக் கேட்டு சீக்கிரமா முடிச்சு விடறதுதான் அவளுக்கு நல்லது, இன்னும் நாலு நாள் பார்ப்போம்னு இழுக்கறது நம்ம மனசுக்காக.

தேறிட்டான்னா பகல்ல சேர்க்காதீங்க, ராத்திரி எல்லாம் அடைஞ்சதுக்கப்புறம் கூட்டுல ஏத்தி விடுங்க, காலையில தீனியை ரெண்டு மூணு இடத்துல தள்ளித் தள்ளிப் போடுங்க. நாலு வெடையில எது தலைவின்னு உங்களுக்கே தெரியும், அந்த ஒண்ணைப் பிடிச்சு நாலஞ்சு நாள் கண்ணுல படாத இடத்துல அடைச்சு வைங்க. அது திரும்ப வர்றப்ப புதுசா வந்த மாதிரி ஒடுங்கி நிக்கும், மத்த மூணுக்கும் அவ்வளவு துணிச்சல் இருக்காது.

இரைப்பை விஷயத்தை நாளைக்குக் காலையிலயே பார்த்துட்டு எழுதுங்க. போட்டோ அனுப்பினா மூஞ்சியை மட்டும் எடுக்காதீங்க, எச்சத்தையும் சேர்த்து அனுப்புங்க.

அன்புடன்,
அக்கா