14 வயதுக் காருக்கு 65,000 ரூபாய் செலவு செய்யலாமா, மாற்றிவிடலாமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது: 2011 மாடல் பெட்ரோல் கார், 1.1 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. மூன்றுக்கும் சேர்த்து 65,000 ரூபாய் என்கிறார் மெக்கானிக். இன்றைக்கு விற்றால் 1.2 லட்சம் கிடைக்குமாம். "காரின் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேருக்கே போகிறதே, இதில் அர்த்தம் இருக்கிறதா?"

இருக்கிறது. அந்தப் பாதிக் கணக்கை உங்கள் தலையில் ஏற்றியவர் யாரென்று என்னால் ஊகிக்க முடிகிறது. அலுவலகத்தில் எவரோ புதுக் கார் எடுத்து இனிப்பு கொடுத்திருப்பார். இல்லையென்றால் ஏதோ ஒரு கல்யாண மண்டப வாசலில் உறவினர் ஒருவர், "இன்னும் இந்த வண்டியைத்தான் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருப்பார். அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கும்.

காரை யாரோ ஒருவர் எவ்வளவுக்கு வாங்கிக்கொள்வார் என்பது விற்கும்போது மட்டுமே உதவும் எண். ரிப்பேர் செலவை வேறொன்றோடு ஒப்பிட வேண்டும்: இந்தக் கார் போய்விட்டால் அந்த இடத்துக்கு வரப்போகும் காருக்கு ஆண்டுக்கு எவ்வளவு அழ வேண்டியிருக்கும்? வங்கியில் வாகனக் கடன் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. "அம்மா, உங்களுக்குக் கார் பற்றி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்கப்போகிறீர்கள் என்றால், அதற்குத்தான் அடுத்த பகுதி.

என்னிடம் இருப்பது 2007இல் வாங்கிய ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங். இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. 2014இல் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், அச்சிறுபாக்கம் அருகே வெப்பமானி முள் சரசரவென்று சிவப்புக்கு ஏறியது. உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன். அந்த நிலையில் "பக்கத்து ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டிக்கொண்டே போகிறவர்கள்தான் இன்ஜினை இழக்கிறார்கள். மீட்பு வண்டியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, எல்லா நிறுவனக் கார்களையும் பார்க்கும் பெரிய சர்வீஸ் மையம் ஒன்றில் விட்டேன். பெயர் வேண்டாம். கண்ணாடிச் சுவர், காபி இயந்திரம், எல்லாம் உண்டு.

அங்கிருந்த ஆலோசகர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "சார் வரவில்லையா மேடம்?"

வரவில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், பணம் கொடுக்கப்போவதும் நான். அப்படியும் அந்தப் பிள்ளை என் மகனுடைய எண்ணை வாங்கி, பெங்களூரில் இருக்கும் அவனிடம்தான் விவரம் சொன்னான். "இன்ஜின் போய்விட்டது சார், மாற்ற வேண்டும், 1.15 லட்சம் ஆகும். இதே கட்டிடத்தில் எக்ஸ்சேஞ்ச் பிரிவு இருக்கிறது, அம்மாவுக்கு ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் பார்த்துவிடலாம்." மகனும், "அம்மா, கொடுத்துவிடு" என்றான்.

எஸ்டிமேட் தாளை வாங்கிப் பார்த்தேன். எஸ்டிமேட் படிப்பது என் பிழைப்பாக இருந்தது. ஒரே வரி: இன்ஜின் மாற்றுதல். சிலிண்டரில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்தீர்களா? இல்லை. ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, கழற்றினீர்களா? இல்லை. பிறகு எப்படிச் சொல்கிறீர்கள்? "அனுபவத்தில் சொல்கிறோம் மேடம்." என் அனுபவத்தில், உள்ளே திறந்து பார்க்காமல் மதிப்பீடு தருகிறவரின் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு சேலையூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் போனேன்.

அவர் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் காபி நிறத்தில் நுரைத்திருக்கும். அது இல்லை. பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. "ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்கிறதம்மா. கீழே என்ன கதி என்பது திறந்தால்தான் தெரியும்" என்றார். மறுநாள் ஹெட்டைக் கழற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து சிலிண்டரின் உட்சுவரைக் காட்டினார். தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. அந்தக் கோடு இருக்கும்வரை உள்ளே தேய்மானம் இல்லை என்று அர்த்தமாம். இன்ஜினைத் தூக்கி எறியச் சொன்னவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

ஹெட் லேசாக வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்தார். வால்வு சீல்கள், கேஸ்கெட், தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர். கழற்றியது கழற்றியதுதான் என்று வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றினார். எல்லாம் சேர்த்து 40,000க்குக் கொஞ்சம் குறைவு. மூல காரணம், ரேடியேட்டர் மின்விசிறியின் ரிலே செத்துப்போனதும், கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டரில் பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்ததும். தாம்பரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அதன் பிறகு பேட்டரியும் டயரும் தவிரப் பெரிய செலவு எதையும் அந்த வண்டி எனக்கு வைக்கவில்லை.

"உங்களுக்கு நல்ல மெக்கானிக் கிடைத்தார், எல்லாருக்கும் கிடைப்பாரா?" என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். தருகிறவர் பெரும்பாலும் நல்லவர்.

இவ்வளவு சொன்னதால் நான் எந்தப் பழைய காரையும் காப்பாற்றச் சொல்கிறவள் என்று நினைக்க வேண்டாம். என் தம்பி பெரும்பாக்கத்தில் இருக்கிறான். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் அவன் கார் இருக்கை வரை மூழ்கியது. அது என்னுடையதைவிட வயது குறைந்த வண்டி, இன்ஜினும் பிழைத்துக்கொண்டது. ஆனாலும் "விற்றுவிடு" என்று முதலில் சொன்னது நான்தான். வெள்ளத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கி, தகட்டை அரிக்க ஆரம்பித்துவிட்டது. வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்து, ஒரு நாள் ஹாரன் அடிக்காது, மறுநாள் வைப்பர் தானே ஓடும். போதாக்குறைக்கு, பழைய கார்தானே என்று மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தான். வெள்ளச் சேதத்துக்கு அதில் ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்திருந்தால், ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது முழு இழப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாமே மாற்றக்கூடியவை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் தேடினால் நிறுத்திப்போன மாடலுக்கும் பாகம் கிடைக்கும். பாடி துருவேறிவிட்டால்தான் கதை முடிகிறது. கடலோர ஊர் என்றால் இன்னும் கவனம். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, கதவுக்குக் கீழே ஓடும் ஓரத் தகடு, முன்சக்கர ஷாக் அப்சார்பர் மேலே போய்ப் பொருந்தும் இடம், இருக்கைக்கு அடியிலுள்ள தரைத் தகடு இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் 65,000 அல்ல, 6,500கூடப் போடாதீர்கள்.

இனி என் மேசைக் கணக்கு. ஷோரூம் விலை 6 லட்சம் என்று ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்திவிட்டார்கள். 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையிலான காருக்கு 13 விழுக்காடு, அதாவது 78,000 ரூபாய். உங்கள் ரிப்பேர் செலவைவிட அதிகம். அதன்மேல் மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரேயடியாகக் கட்ட வேண்டும். கையிலிருந்து கொஞ்சம் போட்டு 5 லட்சம் கடன் வாங்கினால், 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு மாதத் தவணை 10,300 ரூபாயைத் தாண்டும். ஆண்டுக்குச் சுமார் 1.24 லட்சம். காப்பீட்டு அட்டவணைப்படியே ஓராண்டுக்குள் அந்தக் காரின் மதிப்பில் 15 விழுக்காடு கழிந்துவிடும். உங்கள் 65,000, ஏறக்குறைய ஆறு மாதத் தவணை. ரிப்பேர் செய்த வண்டி ஓராண்டு ஒழுங்காக ஓடினாலே உங்களுக்கு லாபம்.

தவணை கட்ட வசதி இருக்கிறது, புது வண்டி ஆசை இருக்கிறது என்றால் வாங்குங்கள். ஆசைக்கு வாங்குவது குற்றமில்லை. சிக்கனம் என்று பெயர் சூட்டி வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இதில் இன்னொன்று. எங்கள் அடுக்ககச் சங்கத்தில் போன ஆண்டு ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: "வளாகத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் பழைய வாகனங்களை உரிமையாளர்கள் அகற்ற வேண்டும்." பெயர் போடவில்லை. ஆனால் வளாகத்தில் பழைய கார் என்னுடையது ஒன்றுதான். தினமும் துடைத்து, எனக்கு ஒதுக்கிய கோட்டுக்குள் நிறுத்துகிறேன். அறிவிப்பில் கையெழுத்துப் போட்ட செயலாளரின் இரண்டாவது கார், பொது வழியில் பாதியை அடைத்து நிற்கிறது. கோடையில் தண்ணீர் லாரி வந்தால் யாராவது மாடியேறிப் போய் அவரை எழுப்ப வேண்டும். லாரிக்காரர் காத்திருக்க மாட்டேன் என்று போய்விட்ட நாளில், மூன்று மாடிக்கும் தண்ணீர் இல்லை. பொதுக்குழுவில் இதைக் கேட்டேன். "அது வேறு விஷயம் மேடம்" என்றார்கள். பராமரிப்புத் தொகையை ஒரு மாதம்கூடத் தாமதிக்காமல் கட்டுகிறவள் நான். நிலுவைப் பட்டியலில் யார் யார் பெயர் இருக்கிறது என்று இங்கே எழுதினால் அழகாக இருக்காது.

கேள்விக்கு வருகிறேன்.

பழைய காருக்கு எதிராக ஒரே ஒரு வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை: பாதுகாப்பு. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் எல்லாக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது அதற்கும் பின்னால். அதனால் இப்போது விழுப்புரத்துக்கு ரயிலில் போகிறேன். சான்ட்ரோ தாம்பரம், குரோம்பேட்டை, மருத்துவமனை, கோயில் என்ற வட்டத்துக்குள் ஓடுகிறது. நீங்கள் வாரம்தோறும் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் போகிறவர் என்றால், மேலே நான் போட்ட கணக்கு முழுவதையும் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டி 2011 மாடல் என்பதால் 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். முன்பு 600 ஆக இருந்தது. பசுமை வரி தனி. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள், அது என் தலைவலி. தில்லியில் பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு வரம்பு என்று செய்தியில் படித்துவிட்டுப் பயப்படாதீர்கள். தமிழ்நாட்டில் அப்படி வயது வரம்பு இல்லை, எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து 2011இல் கார் செய்யவில்லை. ஆகவே பட்டறைக்குப் போகும்போதே பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

65,000த்தையும் ஒரே மாதத்தில் போட வேண்டியதில்லை. முதலில் சஸ்பென்ஷன், அது பிரேக் பிடிக்கும்போது உயிர் காக்கும் விஷயம். அடுத்து கிளட்ச். ஏ.சி. மார்ச் வரை பொறுக்கும். உங்கள் காரில் டைமிங் பெல்ட் இருந்தால் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பில்லைத் தேடிப் பாருங்கள். அது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வு வளைந்து, செலவு இந்த எஸ்டிமேட்டையே தாண்டிவிடும்.

துரு பார்த்து விற்பது என்றே முடிவானால், 1.2 லட்சம் தருகிறேன் என்றவரிடம் வண்டியை ஒப்படைப்பதற்கு முன் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்தை முடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வண்டியை ஓட்டிப்போனவர் எங்கேயாவது யார்மீதாவது மோதினால் இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்புறம் மறக்காமல் நோ கிளெய்ம் போனஸ், அதாவது காப்பீட்டில் இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி, அதன் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். அது காரோடு போவதில்லை, உங்களோடு வரும், அடுத்த காரின் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம்.