காற்றா, கரண்டா?

கேள்வி: டர்பனுக்கு வடக்கே ஒரு கரும்பு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் இருக்கிறேன். பாய்லர், ஜூஸ் ஹீட்டர் எல்லாவற்றிலும் சூட்டையும் அழுத்தத்தையும் பார்த்து வால்வை இயக்குவது, இன்னும் அழுத்திய காற்றில் ஓடும் பழைய கன்ட்ரோலர்கள்தான். புதிதாக வந்த எஞ்சினியர் எல்லாவற்றையும் எலெக்ட்ரானிக் ஆக்கிவிடலாம் என்கிறார். ஃபோர்மேனோ, கரண்ட் போனால் காற்றுதான் கைகொடுக்கும் என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகர், ஸ்டேங்கர்

பதில்: ஆளுக்குப் பாதி சரி. கன்ட்ரோலரை மாற்றுங்கள், வால்வில் கை வைக்காதீர்கள்.

ஃபோர்மேன் ஒன்றை மறந்துவிட்டார். கரண்ட் போனால் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரும்தான் நிற்கும், அப்புறம் தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றை வைத்துத்தான் பிழைப்பு. 2 கன மீட்டர் தொட்டியில் அழுத்தம் 7 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்வரை கிடைப்பது வெளிக்காற்றுக் கணக்கில் சுமார் 6 கன மீட்டர். கருவிகள் நிமிடத்துக்கு 1 கன மீட்டர் குடித்தால் ஆறே நிமிடம். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலருக்கு ஒரு நல்ல யூபிஎஸ் போட்டால் அதைவிட நெடுநேரம் தாங்கும். அதுவும் சக்கையை எரித்துத் தானே கரண்ட் எடுக்கிற ஆலை என்றால், அரவைக் காலத்தில் லோட் ஷெடிங் பயம் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற அளவுக்கு உங்களுக்கு இருக்காது.

காற்றுக் கன்ட்ரோலரின் உண்மையான எதிரி ஈரம். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? காற்றை உலர்த்தும் ட்ரையர் சரியில்லை என்றால் தண்ணீரும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து, கன்ட்ரோலருக்குள் இருக்கும் முடி கனத் துளையை அடைத்துவிடும். மெல்லிய கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்வது உங்களுக்குப் பழகிய வேலையாகத்தான் இருக்கும். சும்மா இருக்கும்போதுகூடக் கன்ட்ரோலர் ‘உஸ்’ என்று காற்றை விட்டுக்கொண்டே இருப்பதால் கம்ப்ரசர் செலவும் ஏறும். அது வால்வுக்கு அனுப்பும் 3 முதல் 15 பிஎஸ்ஐ வரையிலான காற்றழுத்தச் சிக்னல் நீளமான குழாயில் போய்ச் சேரச் சில நொடிகள் பிடிக்கும். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் ஒயரில் அனுப்பும் 4–20 மில்லிஆம்பியர் சிக்னலுக்கு அந்தத் தாமதம் கிடையாது, ஒயர் அறுந்தால் பூஜ்யம் காட்டி உடனே காட்டிக்கொடுத்தும்விடும்.

ஆனால் வால்வைத் திருப்பும் வேலைக்கு இங்கே காற்றுதான் நல்லது. காற்று நின்றால் ஜூஸ் ஹீட்டரின் நீராவி வால்வை ஸ்பிரிங் மூடிவிடும். சாதாரண மோட்டார் வால்வு கரண்ட் போன இடத்திலேயே நின்றுவிடும், நீராவி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் கரண்ட் சிக்னலைக் காற்றழுத்தமாக மாற்றும் சின்னக் கருவியை நடுவில் வைத்து, வால்வை இருந்தபடியே விடுங்கள்.

இடி மின்னலையும் கணக்கில் வையுங்கள். காற்றுக் கருவியை மின்னல் ஒன்றும் செய்யாது, எலெக்ட்ரானிக் கார்டை ஒரே அடியில் தீர்த்துவிடும். எர்த்திங்கும் சர்ஜ் பாதுகாப்பும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அரவை நின்ற மாதங்களில் முதலில் ஜூஸ் ஹீட்டரை மாற்றி, ஒரு சீசன் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாய்லருக்குப் போங்கள். கழற்றிய கன்ட்ரோலர்களைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள், மீதி இருக்கிற பழசுகளுக்கு அவைதான் ஸ்பேர்.