கணினியின் காப்புப்பிரதிக்கு எந்த வெளிப்புற டிரைவ் வாங்கலாம்?

512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல், சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவ்) கொண்ட விண்டோஸ் மடிக்கணினிக்குக் காப்புப்பிரதி எடுக்க ஹார்ட் டிஸ்க் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதிவேக எஸ்எஸ்டி ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள் என்பேன்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். மடிக்கணினியில் இடம் போதாமல் படங்களையெல்லாம் ஒரு வெளிப்புற டிரைவுக்கு நகர்த்திவிட்டு, அதையே காப்புப்பிரதி என்று நம்பியிருந்தேன். இயங்கிக்கொண்டிருந்தபோது அது மேசையிலிருந்து விழுந்தது, ஏழு ஆண்டுப் படங்கள் போயின. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அந்த வீழ்ச்சியைத் தாங்கியிருக்கக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் திருட்டையும் மின்கோளாறையும் அதுவும் தாங்காது; இரண்டாவது பிரதிதான் தாங்கும்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி எழுதும் என்று கொண்டால், 350 ஜிபியை முதன்முறை நகலெடுக்க ஒரு மணி நேரம், சிறு கோப்புகள் மிகுதியாக இருந்தால் இன்னும் சில மணி நேரம் ஆகும். அதன்பின் காப்புப்பிரதி மென்பொருள் மாறிய கோப்புகளை மட்டுமே நகலெடுக்கும். மேலும், மின்சாரம் இன்றி ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் எஸ்எஸ்டியில், தரவைத் தாங்கும் மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடக்கூடும் என்பதால், எடுத்துவைத்து மறந்துவிடும் பழக்கமுள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று.

1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகவும் விண்டோஸ் 1024 ஆகவும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. மாறாக, சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டிபி என்று இணையத்தில் விற்பவை பெரும்பாலும் போலி. அவற்றின் ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) இல்லாத கொள்ளளவைக் காட்டும். உண்மையான இடம் தீர்ந்தபின் எழுதுவதெல்லாம் சத்தமின்றித் தொலையும்.

அதிகம் பேசப்படாத ஒன்று: கையடக்க டிரைவ்கள் பலவற்றில் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் சர்க்யூட் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். முனை உடைந்தால், உறையைப் பிரித்து டிஸ்க்கை மட்டும் சாட்டா கேபிளில் (கணினிக்குள் டிஸ்க்கை இணைக்கும் கேபிள்) இணைத்துப் படிக்கும் வழி அடைபட்டுவிடும். ஆகவே கேபிளை இழுத்துப் பிடுங்காதீர்கள்.

நகலெடுத்து முடித்ததும் டிரைவைக் கழற்றிவிடுங்கள். எப்போதும் செருகியிருந்தால், கணினியில் நுழையும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல்) அதையும் பூட்டிவிடக்கூடும். என் இரண்டாவது டிரைவ் அக்கா வீட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றும்போது, ஒன்றிரண்டு கோப்புகளை மீட்டெடுத்துத் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.